எதுவரைக்கும் வருது?

ஆடித் தள்ளுபடி நடக்கும் சனிக்கிழமை சாயங்காலம் எம்.சி. ரோட்டில் வெறுங்கையோடு நடப்பதே பெரும்பாடு. அன்றைக்கு நான் தோளில் கேபிள் சுருள், பையில் கிரிம்பிங் டூல், பவர் மீட்டர், பின்னால் வேலை பழக வந்திருக்கும் பையன் என்று ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தேன். ஜவுளிக்கடை முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னாப்பா உங்க லைனு? அரை மணி நேரமா நெட் வரல. பில்லு போட முடியல. ஜனம் திட்டிட்டுப் போவுது."

நான் 1999-இல் தண்டையார்பேட்டை மொட்டை மாடிகளில் கேபிள் டி.வி. ஒயர் இழுக்க ஆரம்பித்தவன். அப்போது "படம் வரல" என்பார்கள். இப்போது ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஃபைபர், அதாவது வெளிச்சத்தில் சேதி கொண்டுபோகும் கண்ணாடி இழை, இழுத்து நெட்வொர்க் போட்டுத் தருகிறேன். "நெட் வரல" என்கிறார்கள். படம் வரல என்பது ஒரே புகார். நெட் வரல என்பதற்குள் ஏழெட்டுப் புகார் ஒளிந்திருக்கும். ஒயர் பிடுங்கிக்கொண்டாலும் நெட் வரல. சந்தா முடிந்தாலும் நெட் வரல. கடலுக்கடியில் எங்கேயோ கேபிள் அறுந்தாலும் அதே நெட் வரல.

கூட வந்த பையன் காசிமேடு. அப்பா விசைப்படகில் போகிறவர். இவன் டிப்ளமோ முடித்துவிட்டு என்னிடம் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஐ.பி., டி.என்.எஸ்., டி.எச்.சி.பி. எதைக் கேட்டாலும் விரிவாக்கம் மூச்சு விடாமல் வரும். டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால். சரி, அது என்னடா செய்யும்? "ஐ.பி. குடுக்கும்ணா." யார் கொடுப்பார்கள், எப்போது, கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அங்கே பேச்சு நின்றுவிடும். அவன் தப்பு இல்லை, பரீட்சையில் விரிவாக்கத்துக்குத்தானே இரண்டு மார்க்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். கடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து எங்கேயோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் வரை ஒரு பாதை போகிறது. இந்தப் பெயர்களெல்லாம் அந்தப் பாதையில் வரும் ஸ்டேஷன்கள். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் என்று வருகிற மாதிரி. வண்டி வரவில்லை என்றால் எந்த ஸ்டேஷன் வரைக்கும் வந்தது என்று விசாரிப்போம் இல்லையா? அப்படி விசாரிக்கத்தான் பெயர் வேண்டும். யாராவது "நெட் வரல" என்றால் "எதுவரைக்கும் வருது?" என்று கேள். அதற்குப் பதில் கண்டுபிடித்தால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது.

உள்ளே போனதும் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்தோம். ஃபைபர் வந்து முடியும் பெட்டி, ஓ.என்.யு. என்போம். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று அர்த்தம். தெருவில் வடிகாலுக்குத் தோண்டியிருப்பார்கள், அல்லது உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி ஒயரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அன்றைக்குச் சிவப்பு இல்லை. இருந்தாலும் வரும் வெளிச்சம் எவ்வளவு என்று பையனை அளக்கச் சொன்னேன். பவர் மீட்டர் மைனஸ் 19 காட்டியது.

இந்த மைனஸ் கணக்கில் புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ஒரு மில்லிவாட் வெளிச்சத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு, மைனஸ் 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 3 இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதி. தெருவில் ஒரு ஃபைபரை எட்டு வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வைத்தால் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று மூன்று தடவை பாதியாகி 9 போய்விடும். இணைப்பில் தூசி, வளைவு என்று இன்னும் கொஞ்சம் போகும். பொதுவாக மைனஸ் 27 வரை பெட்டி சமாளிக்கும். அதற்குக் கீழே இறங்கினால் வந்து வந்து போகும். வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான் கண்ணாடி. அதில் ஒரு தூசி உட்கார்ந்தால் ரோட்டில் லாரி நின்ற மாதிரி. ஆகவே தம்பிகளே, கனெக்டரின் முனையை விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள். நான் துடைத்து வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மைனஸ் 19 என்பது நல்ல வெளிச்சம். வெளி லைன் பெட்டி வரைக்கும் வந்துவிட்டது. முதல் ஸ்டேஷன் தாண்டியாச்சு.

"அண்ணா, வைஃபை ஃபுல் கோடு காட்டுதுணா. ஆனா நெட் வரல."

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கேதான் குழம்புவார்கள். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. அந்தக் கோடுகள் சொல்வது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் பத்தடியின் நிலவரத்தை மட்டும்தான். ரவுட்டருக்கு அந்தப் பக்கம் ஒயரைக் கத்தரித்துப் போட்டாலும் கோடு முழுசாகத்தான் நிற்கும்.

காசிமேட்டுப் பையனுக்கு வைஃபையைப் புரியவைக்க நான் மெனக்கெடவே இல்லை. படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருக்கிறதே. சேனல் 16 ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும். அதில் கூப்பிட்டுவிட்டு வேறு சேனலுக்கு மாறிப் பேசுவார்கள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பித்தானை அழுத்தினால் இரண்டுமே கேட்காது. வைஃபையும் ரேடியோதான். ஒரு சேனலில் ஒருத்தர் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் என்று பார்த்தால் 1, 6, 11 மூன்றுதான். எம்.சி. ரோட்டில் போனைத் திறந்தால் நாற்பது வைஃபை பெயர் வரிசையாக நிற்கும். மூன்று சேனல், நாற்பது கடை! 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அது சுவரைத் தாண்டச் சோம்பேறித்தனப்படும். ராயபுரத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவர் முன்னால் அது ஜம்பம் சாயாது. அதனால்தான் அசையாத எதற்கும், பில் போடும் கம்ப்யூட்டரோ கேமராவோ, நான் ஒயர்தான் இழுப்பேன்.

ஒயரிலும் கூத்து உண்டு. ஒரு கேபிளுக்குள் எட்டு இழை, நாலு ஜோடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை வரும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஆயிரத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். தங்கசாலை பக்கம் ஒரு அச்சகத்தில் ஃபைல் அனுப்பினால் ஆமை வேகம் என்று நாலு நாள் அலைந்தேன். கம்ப்யூட்டரை மாற்றினார்கள், ஒயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் நீல இழை ஒன்று கனெக்டருக்குள் பல்லில் மாட்டாமல் நின்றிருந்தது. இரண்டு ஜோடியை வைத்து ஒயர் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முழுசாக அறுந்திருந்தால் அரை மணியில் கண்டுபிடித்திருப்பேன். பாதி வேலை செய்கிறவன்தான் ஆபத்தானவன். இன்னொன்று, கடற்கரைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு: கால்மண்டபத்துக்குக் கிழக்கே உப்புக்காற்று கனெக்டரின் உலோகப் பல்லைப் பச்சையாக்கிவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை பிடுங்கிப் பாருங்கள்.

சரி, ஜவுளிக்கடைக்கு வருவோம். கல்லாவில் இருந்த பேசும் பெட்டி மட்டும் "ரூபாய் 850 பெறப்பட்டது" என்று உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தது. "பாரு, இதுக்கு மட்டும் வருது!" என்றார் முதலாளி. அதற்குள் தனியாக சிம் கார்டு இருக்கிறது, கடை லைனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

பில் போடும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பையன் ஐ.பி. முகவரியைப் பார்த்தான். நெட்வொர்க்கில் ஒரு கருவியின் விலாசம் அது. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரைக்கும். இப்படி மொத்தம் சுமார் 429 கோடி முகவரி போடலாம். உலகத்தில் இருக்கும் கருவிகளுக்கு அது பற்றாது, அந்தக் கதை கொஞ்சம் கழித்து.

இந்த எண்ணைக் கம்ப்யூட்டர் கருவிலேயே கொண்டு வருவதில்லை. ஒயரைச் சொருகியதும் அது கத்தும்: "நான் புதுசு, யாராவது எனக்கு ஒரு நம்பர் கொடுங்கள்." யாருக்கு என்று பெயர் சொல்லாமல் கூடத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி கத்தும். அதைக் கேட்டு ரவுட்டர் பதில் சொல்லும்: இந்தா உன் நம்பர், இத்தனை மணி நேரத்துக்கு உனக்கு வாடகைக்கு. வெளியே போக வாசல் இன்ன நம்பரில் இருக்கிறது. பெயர் விசாரிக்க இன்னாரிடம் கேள். இந்த வாடகை ஏற்பாடுதான் டி.எச்.சி.பி. யாருமே பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டர் தானாகவே 169.254 என்று ஆரம்பிக்கும் ஒரு நம்பரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த 169-ஐப் பார்த்தால் ஒயரையோ ரவுட்டரையோ பாருங்கள். வெளியே தேடிப் பிரயோஜனம் இல்லை.

இங்கே 169 இல்லை. ஒழுங்கான நம்பர் வந்திருந்தது. அடுத்த ஸ்டேஷன் கேட்வே. வாசல் என்று சொல்லலாம். கம்ப்யூட்டர் எதை அனுப்பும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: போக வேண்டிய ஆள் நம் வீட்டுக்குள்ளேயா, வெளியிலா? பெரும்பாலான வீடு, கடைகளில் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால் வீட்டு ஆள், நேராகக் கொடுக்கும். வேறாக இருந்தால் வெளி ஆள், வாசலில் கொடுத்துவிடும். எத்தனை எண்ணை ஒப்பிட வேண்டும் என்று சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்று எழுதியிருந்தால் முதல் மூன்றைப் பார் என்று பொருள். இதை நினைவில் வையுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலைக்கு ஆகும்.

வாசலுக்கு பிங் அடித்தோம். பிங் என்றால் "இருக்கியா?" என்று ஒரு சின்ன குரல், "இருக்கேன்" என்று ஒரு பதில், நடுவில் எத்தனை மில்லி செகண்ட் என்று ஒரு கணக்கு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய குட்டி நிரல். கப்பலின் சோனார் எழுப்பும் சத்தத்தை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். இதைச் சொன்னதும் பையன் முகம் மலர்ந்துவிட்டது. "எக்கோ சவுண்டர்ணா! எங்கப்பா போட்ல இருக்குது. சத்தம் கீழ போய்த் திரும்பி வர்ற நேரத்தை வச்சு ஆழம் சொல்லும்." அதேதான். அன்றையிலிருந்து அவன் பிங் அடிப்பதை "ஆழம் பாக்குறேன்" என்கிறான். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

வாசல் பதில் சொன்னது. அடுத்து வெளியே 8.8.8.8. கூகுள் வைத்திருக்கும் பெயர் விசாரணை சர்வரின் முகவரி. ஞாபகம் வைக்க எளிது என்பதால் உலகம் பூராவும் லைன்மேன்கள் அதை ஒரு மைல் கல்லாகவே ஆக்கிவிட்டார்கள். பதில் இல்லை. மறுபடி அடித்தோம். இல்லை. ஆக வாசல் வரை வருகிறது, வாசலுக்கு வெளியே போகவில்லை. கேஸ் முடிந்தது, லைன் கொடுக்கும் ஆபீஸில்தான் கோளாறு என்று போனை எடுத்தேன்.

அப்போது பக்கத்தில் முதலாளியின் மகன் ஸ்டூலில் உட்கார்ந்து வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "தம்பி, சிம் நெட்டா?" "இல்ல அங்கிள், கடை வைஃபை."

போனை உள்ளே வைத்தேன்.

ஒரே கடை, ஒரே லைன். மகனுக்கு வருகிறது, கல்லாவுக்கு வரவில்லை. மாடியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒன்றில் வருகிறது, ஒன்றில் வரவில்லை. வராததை ஒரு தடவை அணைத்துப் போட்டால் வந்தது, கீழே வந்துகொண்டிருந்தது நின்றது. இந்த மாதிரி நேரத்தில் பேய் பிசாசு நம்பிக்கை வருவது இயற்கை. நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பையன் பில் பேப்பரின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கருவியின் நம்பரையும் எழுதிக்கொண்டு வந்தான். வருகிறதெல்லாம் ஒரு பக்கம், வராததெல்லாம் ஒரு பக்கம்.

"அண்ணா, வர்றதெல்லாம் 192.168.1. வராததெல்லாம் 192.168.0. மூணாவது நம்பர் மாறுதுணா."

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் பார்க்கவில்லை. இருபது வருஷமாக 192.168 என்று பார்த்துப் பார்த்து, அதற்கு மேல் கண் போவதே இல்லை.

நாங்கள் வைத்த ரவுட்டர் 192.168.1.1. இந்த 0 குடும்பத்துக்கு நம்பர் கொடுப்பது யார்? கூடத்தில் நின்று "எனக்கு ஒரு நம்பர்" என்று கத்தினால் பதில் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். யார் பதில் முதலில் காதில் விழுகிறதோ அதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அணைத்துப் போட்டால் ஆள் மாறுகிறது. இரண்டாவது ஆள் தன் நம்பரையே வாசல் என்று சொல்கிறான். வாசலுக்கு பிங் அடித்தால் அவனே பதிலும் சொல்கிறான். ஆனால் அவனுக்குப் பின்னால் தெருவே இல்லை. சுவரில் வரைந்த கதவு.

ஆளைப் பிடிக்க மேக் முகவரி உதவியது. ஐ.பி. வாடகை வீட்டு விலாசம், மாறும். மேக் என்பது கருவி செய்யும்போதே கம்பெனி குத்தி அனுப்பும் 12 இலக்க அடையாளம், அதில் முதல் 6 இலக்கம் எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லிவிடும். 192.168.0.1-இன் மேக்கைப் பார்த்தால் நாங்கள் வைத்த கம்பெனியே இல்லை. பையனை அந்த நம்பருக்கு நிற்காமல் பிங் அடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினேன். பதினோராவது ஒயரில் "நின்னுச்சுணா!" என்று குரல் வந்தது. ஒயர் சுவரோரமாகப் போய், டிரையல் ரூமைத் தாண்டி, பரண்மேல் ஏறியது. பாவாடைத் துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு பழைய ரவுட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது.

முதலாளி கீழே இருந்து, "அது மச்சான் வச்சது. பின்னாடி ரூமுக்கு சிக்னல் பத்தலன்னு வூட்லேந்து எடுத்தாந்தாரு, மதியானம்" என்றார். இதை அரை மணிக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

இங்கே ஒரு விஷயம். ரவுட்டர், ஸ்விட்ச், வைஃபை, மோடம் என்பவை பெட்டிகளின் பெயர் என்று நினைப்பதால்தான் மச்சான்கள் இப்படிச் செய்கிறார்கள். அவை வேலைகளின் பெயர். ஸ்விட்ச் வீட்டுக்குள்ளே ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாற்றும். ரவுட்டர் வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் நின்று வழி சொல்லும். வைஃபை என்பது ஒயருக்குப் பதில் ரேடியோ. கடையில் வாங்கும் ஒரே டப்பாவுக்குள் இத்தனை பேரும் குடியிருப்பார்கள், கூடவே நம்பர் கொடுக்கும் ஆளும். மச்சானுக்கு வேண்டியது ரேடியோ மட்டும். ஆனால் டப்பாவைச் சொருகியபோது மொத்தக் குடும்பமும் குடியேறிவிட்டது. நான் அந்தப் பழைய டப்பாவில் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதன் நம்பரை 192.168.1.2 என்று மாற்றி, வெறும் வைஃபையாக விட்டேன். பின்னறைக்கு சிக்னலும் கிடைத்தது. மச்சானும் மரியாதையாகத் தப்பித்தார்.

வேலை முடிந்து டீக்கடையில் நின்றபோது பையன் கேட்டான்: "ஊர் பூரா எல்லா கடையிலயும் இதே 192.168.1-தானேணா? வெளியிலேந்து வர்றது எப்படி நம்ம கடையக் கண்டுபிடிக்கும்?"

நல்ல கேள்வி. எங்கள் பாட்டி ராயபுரத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர். ஒரே வாசல், உள்ளே ஏழு போர்ஷன், நடுவில் குழாயடி. தபால்காரருக்குத் தெருவிலாசம்தான் கணக்கு, அதுவும் பழைய எண், புது எண் இரண்டும் போட்டால். உள்ளே எந்தப் போர்ஷன் என்பது திண்ணையில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் பொறுப்பு. அந்த அம்மாதான் ரவுட்டர். மூன்றாம் போர்ஷன்காரர் கடிதம் அனுப்பினால், அனுப்புநர் இடத்தில் தெருவிலாசத்தைப் போட்டு ஓரத்தில் ஒரு குறி எண்ணை எழுதிவிட்டு, தன் நோட்டில் "இந்தக் குறி மூன்றாம் போர்ஷன்" என்று எழுதிக்கொள்வார். பதில் அதே குறியோடு வரும், நோட்டைப் பார்த்துக் கொடுத்துவிடுவார். அந்தக் குறி எண்தான் போர்ட். 65,535 வரை போகும். அந்த நோட்டு வித்தைக்கு நாட் என்று பெயர். உள்ளே இருந்து யாரும் எழுதாமல் வெளியிலிருந்து தானாக ஒரு கடிதம் வந்தால்? நோட்டில் குறி இல்லை, தூக்கிப் போட்டுவிடுவார். ஊரிலிருந்துகொண்டு கடை கேமராவைப் பார்க்க முடியவில்லை என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

192.168-இல் தொடங்குவது, 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவது எல்லாம் இப்படி வீட்டுக்குள் மட்டும் புழங்க 1996-லேயே ஒதுக்கிய எண்கள். 429 கோடி பற்றாமல் போனதால் இப்போது லைன் கொடுப்பவர்களே தெருவையே ஒரு ஒண்டுக்குடித்தனமாக்கி விடுகிறார்கள். உங்கள் ரவுட்டரின் வெளி நம்பர் 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால் நீங்கள் அப்படிப்பட்ட தெருவில் இருக்கிறீர்கள். 32 பிட்டுக்குப் பதில் 128 பிட் வைத்த ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தது இந்த நெருக்கடிக்காகத்தான். அதில் ஆளுக்கொரு தனி வீடு கொடுத்த பிறகும் மனை மிச்சம் இருக்கும்.

"போர்ட்டுன்னா எனக்குத் துறைமுகம்தாண்ணா ஞாபகம் வருது" என்றான் பையன். வரட்டும், தப்பில்லை. 443-ஆம் துறையில் வெப்சைட், 53-ஆம் துறையில் பெயர் விசாரணை.

பெயர் விசாரணை என்றால் டி.என்.எஸ். 8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் வெப்சைட் பெயரை அடித்தால் திறக்கவில்லை என்றால் சிக்கல் இந்த ஸ்டேஷனில். ஒரு காலத்தில் நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயரும் நம்பரும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது தாங்காமல் போய், 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் இந்த விசாரிக்கும் முறையை வடிவமைத்தார். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டைத் தேடுகிற மாதிரிதான் இது. மெயின் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் வீட்டைச் சொல்ல மாட்டார்கள், "அந்தத் தெருமுனைப் பெட்டிக்கடையில கேளு" என்பார்கள். பெட்டிக்கடைக்காரர் கோயில் பக்கம் கை காட்டுவார். அங்கேதான் வீடு தெரிந்தவர் இருப்பார். ஆட்டோ ஸ்டாண்டுக்கு ரூட் சர்வர் என்று பெயர், உலகத்தில் ஏ முதல் எம் வரை 13 பெயரில் இருக்கின்றன. ஒரு தடவை கேட்டதைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு தடவையும் இந்த அலைச்சல் இல்லை.

சேதி அனுப்பும் இரண்டு முறைகளான டி.சி.பி., யு.டி.பி. பற்றிக் கேட்டான். அதை அவன் ஊர் மொழியிலேயே முடித்தேன். அனுப்புவது எதுவானாலும் சுமார் 1,500 பைட் பொட்டலங்களாகத்தான் போகும். 3 எம்.பி. போட்டோ இரண்டாயிரத்துச் சொச்சம் பொட்டலம். டி.சி.பி. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி, வந்து சேர்ந்ததா என்று கையெழுத்து வாங்கும், வராததைத் திரும்ப அனுப்பும். வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் எழுதிவைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. யு.டி.பி. காசிமேட்டு மீன் ஏலம். கூவியது காதில் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் போச்சு, உனக்காக இரண்டாம் தடவை கூவ மாட்டார்கள். வீடியோ காலில் அரை செகண்டுக்கு முன்னால் தொலைந்த குரல் இப்போது வந்து என்ன பயன்? அதனால் அங்கே ஏலம்தான் சரி.

வேகம் பற்றி ஒரு சண்டை தினமும் எனக்கு உண்டு. "100-னு சொன்னீங்க, டவுன்லோட்ல 12-தான் காட்டுது." பிளானில் எழுதியிருப்பது பிட், டவுன்லோட் காட்டுவது பைட். எட்டு பிட் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. யாரும் ஏமாற்றவில்லை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

லைனின் அகலம், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு போகும் என்பது வேறு, தூரம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளானை எவ்வளவு பெரிதாக்கினாலும் தூரம் குறையாது. கண்ணாடி இழையில் வெளிச்சம் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடலடியில் போட்ட ஐ-டு-ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16, ஆக 32 மில்லி செகண்டுக்குக் குறைந்து எந்த ராஜாவாலும் அந்த வழியில் சிங்கப்பூரிலிருந்து பதில் வாங்க முடியாது. கேம் ஆடும் பையன்கள் லேட்டன்சி, லேட்டன்சி என்று புலம்புவது இதைத்தான். அந்தமானுக்குக்கூட 2020 ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து கேபிள் போய்ச் சேர்ந்தது, சுமார் 2,300 கிலோமீட்டர். அதுவரை அவர்களுக்கு சாட்டிலைட்தான்.

"அந்தக் கேபிள்லாம் அறுந்துபோகாதாணா?"

"அறும். உலகத்துல பெரும்பாலும் கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலையும்தான் அறுக்குது."

"எங்கப்பா மேல பழி போடாதீங்கணா."

டீக்குக் காசு கொடுக்கும்போது பையனின் போன் அடித்தது. புது வண்ணாரப்பேட்டையில் ஒரு அக்கா, போன வாரம் கனெக்‌ஷன் கொடுத்த வீடு. நெட் வரவில்லையாம். பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டான்:

"எதுவரைக்கும்கா வருது?"

ஸ்பீக்கரில் இல்லாமலேயே பதில் எனக்குக் கேட்டது.

"அது தெரிஞ்சா நான் எதுக்குடா உனக்கு போன் பண்றேன்?"